உள்ளே போகச் சொல்லிக் கொடுத்தீரு, வெளியே வர?

வாரும் மாப்ளை, உக்காரும். மோர் தண்ணி குடியும். நேத்து சாயங்காலம் உம்ம அம்மா கையில புதுப் போனைக் கொடுத்து, அடியில கிடந்த மூணு பட்டனையும் செட்டிங்ஸ்ல போயி அழிச்சுட்டு, ‘இப்பப் பாரும்மா, ஸ்கிரீன் எவ்வளவு பெருசு’ன்னு காட்டினீராமே. நல்ல காரியம். தெருவே பேசுது. அவ மட்டும்தான் பேசலை. ஏதோ சமையல் வீடியோவுக்குள்ள போனவ வெளியே வரத் தெரியாம, போனைத் தலையணைக்கடியில சொருகிட்டுப் படுத்துட்டா. அது ராத்திரி பூரா புளிக்குழம்பு வச்சுக்கிட்டே இருந்துது.

நமக்கென்ன தெரியும் வே, பருத்தி எடுக்கத் தெரிஞ்ச ஆளு. செல்போன் ரிப்பேர்க் கடை பெஞ்சுல ஓசிப் பேப்பர் படிக்க உக்காருதேன்லா, அங்க காதுல விழுந்ததை நாலு வார்த்தை சொல்லுதேன். நீர் படிச்ச பிள்ளை. தப்பு இருந்தா தாய்மாமன்னு பாக்காம திருத்தும்.

முதல்ல ஒரு கணக்கு. அந்தப் பட்டன் பட்டையை எடுத்ததால உமக்கு எவ்வளவு இடம் மிச்சம்? ஆண்ட்ராய்டுக்காரன் அந்தப் பட்டைக்கு வச்ச உயரம் 48 டிபி. 160 டிபி ஓர் அங்குலம்னு அவனே கணக்குச் சொல்லுதான். வகுத்துப் பாரும். அங்குலத்துல மூணுல ஒரு பங்கு கூடத் தேறாது. முக்கால் சென்டிமீட்டர். அதுலயும் அடிக்கோடு ஒண்ணு மெல்லிசா நிக்குதே, அது கொஞ்சத்தைத் தின்னுரும். இந்த முக்கால் சென்டிமீட்டருக்காக வீட்டை அகலப்படுத்துதேன்னு வாசப்படியை இடிச்ச கதையாப் போச்சு.

‘இல்ல மாமா, படம் பெருசாத் தெரியணும்ல’ம்பீரு. அங்கதான் வேடிக்கையே. வீடியோவைப் படுக்கப் போட்டு முழுசா வச்சா, மூணு பட்டனும் தன்னாலயே மறைஞ்சுரும். நீர் ஒண்ணையும் அழிக்க வேண்டாம். 2013ல ஆண்ட்ராய்டு 4.4 வந்துதே, கிட்கேட்டுன்னு மிட்டாய்ப் பேரு வச்சு, அதுல இருந்தே ஆப்புகளுக்கு அந்த வசதி உண்டு. அப்ப படத்துக்காகப் பட்டனை எடுத்தேன்னு சொல்லுறது, இருக்குற இடத்துல விட்டிருந்தாலும் கிடைச்சிருக்கும்கிற சமாச்சாரம். கடைக்காரத் தம்பி இதைச் சொன்னப்ப நான் ரெண்டு தடவை கேட்டேன். எனக்கு நம்பிக்கை வரலை. உம்மளை மாதிரி ஆளுங்க அவ்வளவு உறுதியாப் பேசுதீயளா, அதான்.

அப்புறம் அந்தக் கறுப்புப் பட்டை. படத்துக்கு ரெண்டு பக்கமும் கறுப்பா நிக்குதுன்னு ரெண்டு விரலை வச்சு விரிச்சுக் காட்டினீராம். அது போன் பண்ணின குத்தமில்லை வே. இப்ப வர்ற போனெல்லாம் ஒல்லி, ஒசரம். பலதும் 20க்கு 9. வீடியோ பெரும்பாலும் 16க்கு 9. சட்டம் நீளம், படம் கட்டை. மிச்சம் கறுப்பாத்தான் நிக்கும். விரிச்சீருன்னா ஓரம் ரொம்பும், ஆனா மேலயும் கீழயுமாச் சேத்து படத்துல அஞ்சுல ஒரு பங்கு வெட்டுப்படும். சமையல் வீடியோவுல அடுப்பு போயிரும், செய்தி வாசிக்குறவருக்கு உச்சந்தலை போயிரும். கறுப்பு வெள்ளைக் காலத்துப் படம் 4க்கு 3. அதைப் போயி விரிச்சா ஆளு யாருன்னே அடையாளம் தெரியாது. ஆனா சினிமாஸ்கோப் படம் இருக்கே, தமிழ்ல 1973ல ராஜராஜ சோழன் தொடங்கி வச்சது, அந்த அகலப் படத்தை 16க்கு 9 சட்டத்துக்குள்ள அடைச்சு ஏத்தியிருப்பான். நாலு பக்கமும் கறுப்பு நிக்கும். அதைத் தாராளமா விரியும், வெட்டுப்படுறது அனேகமா கறுப்பு மட்டும்தான். விரிக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. எதை விரிக்கணும்னு பாத்து விரியும்னுதான் சொல்லுதேன்.

சரி, வெளியே வர்ற வழிக்கு வருவோம். முழுத்திரைக்குள்ள முதல் தடவை போகும்போது மேல ஒரு அறிவிப்பு வரும். ‘நீ முழுசாப் பாக்குற, வெளியே வரணும்னா மேல இருந்து கீழ இழு’ங்கிற மாதிரி. பக்கத்துலயே ‘புரிஞ்சுது’ன்னு ஒரு பட்டன். அதைப் படிச்சது யாரு? நீரு. அமுக்கினது யாரு? நீரு. போன் உம்ம அம்மாவுது. ஒரு தடவை ‘புரிஞ்சுது’ன்னு அமுக்கியாச்சுன்னா அது திரும்பத் திரும்ப வந்து பாடம் நடத்தாது. அவளுக்குப் புரிஞ்சுதுன்னு நீர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டீரு.

இன்னொண்ணு கேளும். முழுத்திரையில இருக்கும்போது பல ஆப்புல முதல் இழுப்பு மறைஞ்ச பட்டையை வரவழைக்க மட்டும்தான். ரெண்டாவது இழுப்புதான் வேலை செய்யும். இது தெரியாதவுக ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு, ‘ஒண்ணும் நடக்கலையே, கெட்டுப் போச்சோ’ன்னு விரலை எடுத்துருவாக. ரிப்பேர்க் கடைக்கு வர்ற பெருசுகள்ல முக்காவாசிப் பேருக்குப் போன்ல ஒரு பழுதும் இருக்காது. இந்த ரெண்டாவது இழுப்புதான் பாக்கி. தம்பி ஒரு தடவை இழுத்துக் காட்டிட்டுக் காசு வாங்காம அனுப்புவான். பாவம், அவன் பொழப்பு எப்படி நடக்குதோ.

பட்டன் போன கதை நீர் நினைக்குற மாதிரி நேத்திக்கு ஆரம்பிச்சதில்லை. 2008ல வந்த முதல் ஆண்ட்ராய்டு போன்ல நிசப் பட்டனே இருந்துது, நடுவுல உருட்டுறதுக்கு ஒரு குண்டு வேற. 2011ல ஆண்ட்ராய்டு 4.0 வந்தப்ப பட்டன் கண்ணாடிக்குள்ள போச்சு. 2014ல முக்கோணம், வட்டம், சதுரம்னு ஆச்சு. 2017ல ஐபோன் எக்ஸ் ஹோம் பட்டனைத் தூக்கி எறிஞ்சுது, அதைப் பாத்து ஊரெல்லாம் எறிஞ்சுது. 2019ல ஆண்ட்ராய்டு 10, ஓரத்துல தள்ளினா பின்னால போ, அடியில இருந்து மேல தள்ளினா வீட்டுக்குப் போன்னு முழுசா மாத்துச்சு. இதையெல்லாம் நோக்கியாக்காரன் 2011லயே என்9னு ஒரு போன்ல செஞ்சுட்டான். முகத்துல ஒரு பட்டன் கிடையாது. அவனை யாரும் சீந்தலை.

இப்ப உம்ம அம்மா விரலைப் பாத்திருக்கீரா? பாத்திருக்க மாட்டீரு, சோத்தைத்தான் பாத்திருப்பீரு. களை பறிச்சுப் பறிச்சு நுனியெல்லாம் காய்ச்சுப் போயி வறண்டு கிடக்கு. டச் ஸ்கிரீன் விரல் மின்சாரத்தைக் கடத்துறதை வச்சுத்தான் தொட்டதை அறியுது, அதுக்குத் தோல்ல கொஞ்சம் ஈரப்பசை வேணும். காய்ஞ்ச விரலுக்கு அது லேசுல மசியாது. பட்டன்னா ஒரு தடவை படலைன்னா இன்னொரு தடவை அமுக்கலாம், இடம் கண்ணுக்குத் தெரியுது. ஓரத்துல இருந்து தள்ளுறது அப்படியா? சரியா ஓரத்துல தொடங்கணும், பாதியில விரல் எடுபடக் கூடாது. அதுக்கு மேல நீர் பாசமா ஒரு பேக் கவர் வாங்கி மாட்டியிருக்கீரு. கீழ விழுந்தா உடையாதுன்னு சுத்திலும் வரப்பு வச்ச கவர். அந்த வரப்பு விரலை ஓரத்துக்கே விடமாட்டேங்குது. கண்ணாடி மேல ஒட்டின டெம்பர் கிளாஸ் ஓரத்துல கொஞ்சம் குறைச்சலா வெட்டினது. விரல் அதுல இடறுது. நீர் வீட்டுல இருந்து தள்ளிப் பாத்தப்ப போயிருக்கும். உம்மது மவுஸ் பிடிச்ச விரலு.

போகாதது ஒரு பக்கம்னா, வேண்டாதப்ப போறது இன்னொரு பக்கம். பேத்தி போட்டோவை வெட்டிப் பெருசாக்கலாம்னு மூலையைப் பிடிச்சு இழுக்குதா. மூலை ஓரத்துல இருக்கா, போன் ‘ஓ, பின்னால போகணுமா’ன்னு போட்டோவையே மூடிருது. அடுத்த படம் பாக்கத் தள்ளுதா, வாட்ஸ்அப்பை விட்டே வெளியே வந்துருது. இந்த ஆபத்து உண்டாக்கினவனுக்கும் தெரியும். அதனாலதான் ‘இந்த இடத்துல பின்னால போற வேலை வேண்டாம்’னு ஆப்பு கேட்டுக்க ஒரு சலுகை வச்சான். ஆனா ஒரு ஓரத்துக்கு 200 டிபிக்கு மேல கிடையாது, ஒண்ணேகால் அங்குலம். மிச்ச ஓரம் போனுக்குச் சொந்தம்.

செட்டிங்ஸ்ல அந்த ஓர இழுப்போட உணர்ச்சியைக் கூட்டக் குறைக்க ஒரு கோடு இருக்குமே, பாத்தீரா? பாத்திருக்க மாட்டீரு. பெரிசாக் காட்டுறதுக்கு அவசரம். நிறைய ஆண்ட்ராய்டுல இடது ஓரத்துக்குத் தனி, வலது ஓரத்துக்குத் தனின்னு வச்சிருக்கான். போட்டோ வெட்டுறப்ப மூடிக்குதுன்னா குறையும். தள்ளித் தள்ளிப் பாத்தும் போகலைன்னா கூட்டும். அதோட அடியில நிக்குற அந்த மெல்லிசுக் கோட்டையும் மறைக்க ஒரு வழி வச்சிருக்கான் சில கம்பெனிக்காரன். அழகா இருக்கும்னு அதையும் மறைச்சுராதீரும். எங்க இருந்து தள்ளணும்னு சொல்ல மிச்சம் இருக்குறது அது ஒண்ணுதான்.

சரி மாமா, பட்டனையே திரும்பக் கொண்டு வாரேன்னு எந்திரிக்குதீரா? இரும். அதுலயும் ஒரு சூட்சுமம். சாம்சங்குல பின்னால போற பட்டன் வலது கைப்பக்கம். கூகுளோட பிக்சல்ல இடது கைப்பக்கம். உம்ம அம்மா பழைய போன்ல எந்தப் பக்கம் அமுக்கிப் பழகினாளோ, அதே பக்கம் வையும். பட்டன் வரிசையை மாத்த சாம்சங், ரெட்மி ரெண்டுலயும் வழி உண்டு. பத்து வருசமா வலது பக்கம் போன கட்டைவிரலை இடது பக்கம் போன்னா அது கேக்குமா? சாம்சங்னா டிஸ்ப்ளேக்குள்ள நேவிகேஷன் பார்னு இருக்கும். ரெட்மியில பழைய போன்ல ஃபுல் ஸ்கிரீன் டிஸ்ப்ளேன்னே தனியா இருக்கும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இடம் மாத்துதானுவ. தேடி அலையாம செட்டிங்ஸ் தலையில இருக்குற தேடுற பெட்டியில நேவிகேஷன்னு அடியும், வந்து நிக்கும். உம்ம வீட்டுக்காரி ஐபோனுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஹோம் பட்டன் வச்ச கடைசி ஐபோன் 2022ல வந்த எஸ்இ, அதையும் 2025ல நிறுத்திட்டான். அவ அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தா ஆக்ஸசபிலிட்டியில டச்சுக்குள்ள போயி அசிஸ்டிவ் டச்சைப் போட்டு விடும். கண்ணாடி மேல ஒரு உருண்டைப் பட்டன் மிதக்கும், அதை ஹோமுன்னு வச்சுக்கலாம்.

இதெல்லாம் சௌகரியத்துக்குச் சொன்னது. கடைசியாச் சொல்லப் போறது அப்படி இல்லை, காது கொடுத்துக் கேளும். போன் பாத்துக்கிட்டு இருக்கும்போது திடீர்னு முழுத்திரைக்கும் சிவப்பா ஒண்ணு எந்திரிக்கும். ‘உங்க போன்ல வைரஸ், உடனே இதை அமுக்கு, இந்த நம்பருக்குப் பேசு’ன்னு. பட்டன் ஒண்ணையும் காணோம். அலறும். பயந்த மனுசருக்கு வெளியே வர வழி தெரியலைன்னா, அவன் காட்டுற ஒரே பட்டனைத்தான் அமுக்குவாக. பணம் போறது அங்கதான். ஆண்ட்ராய்டுல ஓரத்து இழுப்பை ஆப்பு கொஞ்சம் பறிக்கலாம். ஆனா அடியில இருந்து மேல தள்ளி வீட்டுக்குப் போறதை எந்த ஆப்பும் பறிக்க முடியாது, அப்படித்தான் கட்டியிருக்கான். பட்டன் வச்சவுகளுக்கு ஓரத்துல இருந்து ஒரு இழுப்பு இழுத்தா பட்டன் திரும்பி வரும், ஹோமை அமுக்கினா முடிஞ்சுது. இந்த ஒண்ணை உம்ம அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தீருன்னா போதும். சும்மா வாயால சொல்லாதீரும். ஒரு வீடியோவை முழுசா வச்சு அவ கையில கொடுத்து, அவளே வெளியே வர்ற வரைக்கும் பக்கத்துல உக்காரும். நீர் விரலை நீட்டாதீரும். அதுதான் உமக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும்.

உம்ம போனை உம்ம இஷ்டத்துக்கு வையும் வே. ஓரத்தைத் தள்ளும், மூலையைத் தள்ளும், யாரு கேக்கப் போறா. அம்மா போனுக்கு மட்டும் அவகிட்ட ஒரு வார்த்தை கேளும்: ‘பட்டன் இருக்கட்டுமா, எடுத்துரவா?’ இருக்கட்டும்னு சொன்னா இருக்கட்டும். நாளைக்கு மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னே இதைச் செஞ்சுரும். செய்யலைன்னா, ‘எப்படிடா வெளிய வர்றது’ன்னு ராத்திரி வர்ற போனை நீர்தான் எடுக்கணும். நான் ஒன்பது மணிக்கே என் போனை அணைச்சுட்டுப் படுத்துருவேன். என்னது பழைய பட்டன் போனு.