பூட்டுக்கடைக்காரரின் இரவு ஷிஃப்ட்

கற்பனை உலகங்களில் எல்லோரிடமும் வாள் இருக்கிறது. வேலைதான் யாருக்கும் இல்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான விளையாட்டுகளில் ஆளுக்கொரு தாளை எடுத்து, தான் ஏற்கப்போகும் பாத்திரத்தின் பெயர், குலம், பலம், பலவீனம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள். டஞ்சன் மாஸ்டர் என்கிற கதைநடத்துநர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் அதற்குள் நுழைந்து, இக்கட்டு வரும்போதெல்லாம் பகடையை உருட்டித் தலைவிதியைத் தெரிந்துகொள்வார்கள். அந்தத் தாளில் ‘போர்வீரன்’ என்று எழுதினால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ‘மந்திரவாதி’ என்றாலும் கேட்பதில்லை. ‘பகலில் பூட்டு ரிப்பேர், இரவில் ரகசியத் திருட்டு’ என்று எழுதினால் மட்டும் மேசையைச் சுற்றி ஒரு நமுட்டுச் சிரிப்பு கிளம்பும். கடை ஒரு முகமூடி, இரண்டாவது வாரமே அதற்கு ஷட்டர் இறக்கிவிட்டு ஆள் குகைக்குக் கிளம்பிவிடுவான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருப்பார்கள். நான் இங்கே கடையின் சார்பில் வாதாட வந்திருக்கிறேன். இந்தப் பாத்திரத்தை இரட்டை வேடக்காரன் என்கிறார்கள். என் கட்சி, அவன் ஒரே தொழிலை இரண்டு ஷிஃப்டில் பார்க்கிறவன் என்பது. பகல் ஷிஃப்டில் கை படியாதவனுக்கு இரவு ஷிஃப்ட் ஓடாது.

முதல் சாட்சி, விளையாட்டின் வரலாறு. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இதை வெளியிட்டபோது மூன்றே வகைப் பாத்திரங்கள்தான்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. குகைகளில் கதவுகள் இருந்தன, பெட்டிகள் இருந்தன, அவற்றில் பூட்டுகளும் இருந்தன. வீரனுக்குத் தெரிந்த ஒரே சாவி கோடரி. மந்திரவாதிக்கு மந்திரம். ஒரு பூட்டை மரியாதையாக நடத்தி, உள்ளே என்ன சிக்கியிருக்கிறது என்று குனிந்து பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஒரு ஹாபி கடையைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்துதான் திருடன் என்ற யோசனை கைகாக்ஸுக்குப் போனது. 1975-இல் வந்த கிரேஹாக் துணைநூலில் அவனுக்கு இடம் கிடைத்தது. ஆகத் திருடன் பிறந்ததே ஒரு கடையில். பாவம், தொழில் கற்றுக்கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். 1981-இல் வந்த அடிப்படை விதிநூலின்படி, முதல் நிலைத் திருடன் ஒரு பூட்டைத் திறக்க 15 விழுக்காடு வாய்ப்பு. சுவரேற மட்டும் 87. பூட்டில் தோற்றால், ஒரு நிலை உயரும்வரை அதே பூட்டை மறுபடி தொடவும் கூடாது. நூறு பூட்டில் எண்பத்தைந்திடம் தோற்று, ஆனால் சுவரில் பல்லிபோல ஏறுகிற ஒருவரை எந்த ஊரிலும் பூட்டுக்காரர் என்று அழைப்பதில்லை, போலீஸை அழைப்பார்கள். இந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது கூடுதல் துணிச்சல் அல்ல, ஒரு பட்டறையில் நாலு வருஷம்.

அந்தப் பட்டறையைப் பிற்பாடு விதிநூல் எழுதியவர்களே கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்பது இரண்டாவது சாட்சி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இவன் பெயர் ரோக். வீரன் இரண்டு திறன்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் ரோக் நான்கைத் தேர்ந்தெடுக்கலாம். அவற்றில் சிலவற்றில் தேர்ச்சி இரட்டிப்பாகும். பதினோராம் நிலையை எட்டியதும், தேர்ச்சி பெற்ற வேலையில் இருபது பக்கப் பகடை 9 காட்டினாலும் சரி, 1 காட்டினாலும் சரி, அது 10 என்றே கணக்காகும். கைத்தொழிலுக்கு இதைவிடக் கச்சிதமான இலக்கணத்தை நான் படித்ததில்லை. மேஸ்திரிக்கும் கற்றுக்குட்டிக்கும் உள்ள வித்தியாசம் மேஸ்திரியின் நல்ல நாளில் தெரியாது. காய்ச்சலோடு வேலைக்கு வந்த நாளில்தான் தெரியும். அன்றைக்கும் அவர் வேலை பத்துக்குக் கீழே இறங்காது. அடுத்துக் கருவிப் பையைத் திறந்து பாருங்கள். சின்ன அரம், பூட்டுக்குள் விடும் கம்பிகள், கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடி, மெல்லிய கத்தரி, குறடு. விலை 25 பொற்காசு. நகை வேலை செய்பவரின் கருவிகளுக்கும் அதே 25. பாத்திரத்தின் பூர்வீகத்தைச் சொல்லும் பகுதியில் ‘சங்கக் கைவினைஞர்’, ‘குற்றவாளி’ என்று இரண்டு வகைகள் இருக்கின்றன. இருவர் மடியிலும் ஆரம்பத்தில் 15 பொற்காசுதான். கைவினைஞரிடம் கூடுதலாகச் சங்கத்தின் அறிமுகக் கடிதம் இருக்கும். குற்றவாளியிடம் ஒரு கடப்பாரை. கதவைத் திறக்க உதவும் பொருள்கள் என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான்.

விதிநூல் சாட்சி போதாது, நிஜ உலகத்தில் காட்டு என்பார்கள். காட்டலாம். 1724-ஆம் வருஷம் லண்டன் சிறைகளிலிருந்து நான்கு முறை தப்பித்த ஜாக் ஷெப்பர்ட் தச்சுத் தொழில் பழகியவர். கதவு, தாழ்ப்பாள், உத்திரம், சுவர் இவையெல்லாம் எப்படி ஒன்றோடொன்று சேர்க்கப்படுகின்றன என்று தெரிந்தவருக்கு, அவற்றைப் பிரிக்கவும் தெரிந்திருந்தது. அந்த வருஷம் நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தச்சுக்கு அப்பாற்பட்ட விஷயம் அது. நேர்மையான பக்கத்திலும் ஒருவர் இருக்கிறார். 1851-இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி வந்து, திறக்கவே முடியாது என்று பேர் வாங்கியிருந்த சப் நிறுவனத்துப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு, திறப்பவருக்கு 200 கினி என்று சவால் விட்டுப் பல பத்தாண்டுகளாக யாரிடமும் தோற்காமல் இருந்த பிராமா பூட்டிடம் போனார். அது 16 நாள்களில் 51 மணி நேரம் வாங்கியது, ஆனால் திறந்தது. ஹாப்ஸ் செய்ததை நள்ளிரவில் செய்திருந்தால் குற்றம். பகலில் நடுவர்கள் முன் செய்ததால் பரிசு. கையின் வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. ஷிஃப்ட்தான் வேறு.

எல்லோருக்கும் மேலே எடின்பரோவின் வில்லியம் பிரோடி. மரச்சாமான் செய்வதில் பேர் பெற்றவர், தச்சர் சங்கத் தலைவர், அதன் வழியாக நகர்மன்ற உறுப்பினர். பெரிய வீடுகளில் அலமாரி செய்யவும் பூட்டுப் பொருத்தவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன இடத்தில் சாவியை அச்செடுத்துக்கொண்டு வந்து, இரவில் கள்ளச்சாவியோடு திரும்பிப் போவார். சூதாட்டச் செலவுக்குச் சங்கத் தலைவரின் வருமானம் கட்டுப்படியாகவில்லை. திருடன் கையில் சாவி கொடுத்தாற்போல என்பதை நாம் எச்சரிக்கையாகச் சொல்லிவைத்திருக்கிறோம். எடின்பரோக்காரர்கள் அதை நடைமுறையாகவே வைத்திருந்தார்கள். 1788-இல் கலால் வரி அலுவலகத்தில் கைவைத்துச் சிக்கி, ஆம்ஸ்டர்டாம்வரை ஓடிப் பிடிபட்டு, அக்டோபர் 1 அன்று தூக்கில் தொங்கினார். அவர் செய்த ஓர் அலமாரி பின்னாளில் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் வீட்டில் இருந்தது. ஸ்டீவன்சன் பிரோடியின் இரட்டை வாழ்க்கையைப் பற்றி நண்பரோடு சேர்ந்து நாடகம் எழுதினார். 1886-இல் ஜெக்கில், ஹைடு கதையையும் எழுதினார். அந்தக் கதைக்குப் பிறகுதான் இரட்டை வாழ்க்கை என்றாலே உள்ளுக்குள் இரண்டு ஆள் என்று உலகம் நினைக்க ஆரம்பித்தது. பிரோடிக்குள் இரண்டு ஆள் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பகலில் பூட்டின் உள்விவரம் தெரிந்துவைத்திருந்த அதே கைதான் இரவிலும் போனது. மருந்து குடித்து மாற வேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை.

இதெல்லாம் பொறுக்கியெடுத்த உதாரணங்கள் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். உண்மைதான். உலகத்தில் பெரும்பாலான திருட்டு பசியாலும் சந்தர்ப்பத்தாலும் நடக்கிறது, அரத்தாலும் குறடாலும் அல்ல. ஆனால் மேசையில் உட்கார்ந்து பாத்திரம் எழுதுகிற யாரும், திறந்துகிடந்த வீட்டில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவனாக ஆட விரும்புவதில்லை. எல்லோருக்கும் வேண்டியது தேர்ந்த திருடன். தேர்ச்சி என்று வந்துவிட்டால், எங்கே கற்றாய் என்ற கேள்வியும் வந்துவிடும். அடுத்த ஆட்சேபம் பொருளாதாரம். 2014-இன் ஐந்தாம் பதிப்பில் நேர்மையாக உழைக்கும் கைவினைஞன் ஒரு நாளில் 5 பொற்காசு மதிப்புள்ள வேலைதான் செய்ய முடியும். அதில் பாதி மூலப்பொருளுக்கே போய்விடும். 1,500 பொற்காசு பெறுமானமுள்ள முழுக் கவசம் ஒன்றைத் தனியாளாகச் செய்து முடிக்க 300 நாள். ஒரு டிராகனின் குகையில் ஒரு மாலைப் பொழுதில் கிடைப்பது இதைப்போலப் பல மடங்கு. பிறகு எதற்குக் கடை என்கிறார்கள். கடை சம்பாதிப்பதற்கு இல்லை, சம்பாதித்ததற்கு வழி சொல்வதற்கு. ஊரில் புதிதாக ஒருவன் பொற்காசு மூட்டையோடு வந்து இறங்கினால் காவலர்கள் கதவைத் தட்டுவார்கள். அதே மூட்டை பூட்டுக்கடைக்காரரிடம் இருந்தால் ‘சீஸன் நல்லா இருக்கு போல’ என்று போய்விடுவார்கள். இந்த உண்மையைக் கண்டுபிடிக்க மந்திர சக்தி தேவையில்லை.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் மனத்தைத் தொடுவது. நாள் முழுக்க வேலை செய்து களைத்தவர்கள் விளையாட வருகிறார்கள். அங்கேயும் ரசீதுப் புத்தகமா? இவர்களுக்கு டோல்கீனைத்தான் காட்ட வேண்டும். 1937-இல் வந்த ஹாபிட் நாவலில், சாகசத்தில் துளியும் நாட்டமில்லாத பில்போவைக் குள்ளர்கள் தங்கள் அதிகாரபூர்வத் திருடனாக நியமிக்கிறார்கள். முறைப்படி ஒப்பந்தக் கடிதமே வருகிறது: லாபம் இருந்தால் பதினான்கில் ஒரு பங்கு, பயணச் செலவு உண்டு, செத்தால் அடக்கச் செலவும் உண்டு. அந்தக் கடிதம் வராமல், வெறும் வீர முழக்கத்தோடு அவர் கிளம்பியிருந்தால் அந்தக் கதையில் பாதிச் சிரிப்பு இருந்திருக்காது. டிராகன் பயங்கரமாகத் தெரிவதற்கு, அதன் எதிரே நிற்பவன் பயணப்படி கணக்கு எழுதுகிறவனாக இருக்க வேண்டும். தவிர, அலுவலகத்தில் மற்றவர் வேலையைச் செய்து களைத்தவருக்கு, தன் கையால் ஒரு பொருளை முழுதாகச் செய்து முடிப்பது சாகசமில்லை என்று யார் சொன்னது? நம் காலத்தில் அது டிராகனைவிட அரிது.

கடைசி ஆட்சேபத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ரகசியத் திருடன் ஒருவனைக் குழுவில் வைத்துக்கொண்டால் நம்பிக்கை என்னாவது? ரகசியம் என்பதைப் பொறுத்தவரை, மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது தெரியும்; தெரியாததுபோல நடிப்பதற்குத்தான் பாத்திரமேற்றல் என்று பெயர். நம்பிக்கை வேறு சங்கதி. சிலப்பதிகாரத்தில் நமக்கு வாய்த்த தொழிலாளித் திருடன், மதுரை அரண்மனைப் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைக் களவாடியவன் அவனே. கோவலனைப் பார்த்த காவலர்கள் இவன் முகம் திருடன் முகமில்லையே என்று தயங்கும்போது, திருடர்களுக்குத் துணையாகும் எட்டு விஷயங்களை, மந்திரத்தில் ஆரம்பித்துக் கருவிவரை, அவன் வரிசையாக எடுத்துச் சொல்கிறான். அந்தப் பாடத்தைக் கேட்ட காவலர்களில் ஒருவராவது, ஐயா, உமக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம். நிபுணர் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்காத பழக்கம் அவர்களையும் விடவில்லை. பொற்கொல்லனை நாம் மன்னிக்காததற்குக் காரணம் அவன் திருடியது மட்டுமல்ல. தன் திருட்டுக்கு இன்னொருவன் கழுத்தைக் கொடுத்தது. நல்ல ரோகுக்கும் வில்லனுக்கும் நடுவே கோடு அங்கேதான் போகிறது. கன்னம் வைக்கலாம், கள்ளச்சாவி போடலாம். செய்த வேலைக்குப் பொறுப்பேற்காமல் இருக்கக் கூடாது. இதுவும் பகல் ஷிஃப்டில் கற்கும் பாடம்தான். தான் போட்ட பூட்டு கெட்டுப்போனால் தானே போய்ச் சரிசெய்து கொடுப்பவனோடுதான் துணிந்து குகைக்குள் போகலாம்.

ஆகவே டஞ்சன் மாஸ்டர்களுக்கு என் சிபாரிசு: இந்தப் பாத்திரத்தின் கடையை மூட விடாதீர்கள். காவலர்களைவிட வாடிக்கையாளர்களை அனுப்புங்கள். நேற்றிரவு இவன் திறந்த அதே பூட்டை, திறக்க முடியாதபடி மாற்றித் தரச் சொல்லி, வீட்டுக்காரரே இன்று காலை கடைக்கு வந்து முன்பணம் கொடுக்கட்டும். நன்றாகச் செய்து கொடுத்தால் அடுத்த திருட்டு போச்சு; சொதப்பினால் தொழில் பேர் போச்சு. எந்த டிராகனாலும் இப்படியொரு இக்கட்டைத் தர முடியாது. ஆட்டக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2014-இன் ஐந்தாம் பதிப்பில் கைவினைஞர் சங்கத்துக்கு மாதச் சந்தா 5 பொற்காசு. அதற்குப் பதிலாகச் சங்கம் வேண்டியபோது சோறும் தங்குமிடமும் தரும், செத்தால் அடக்கச் செலவை ஏற்கும். குற்றம் சாட்டப்பட்டால், நிரபராதி என்று வாதாட வழியிருந்தாலோ, செய்த குற்றத்துக்கு நியாயம் இருந்தாலோ, பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டாவது நிபந்தனையைக் கவனித்தீர்களா? செய்தாயா என்று சங்கம் கேட்கவில்லை, நியாயம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. சந்தா பாக்கி விழுந்தால் மட்டும், அதைக் கட்டித் தீர்த்த பிறகே உறவு சீராகும். திருடுவதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், பாக்கி வைப்பதைப் பேசித் தீர்க்க முடியாது என்பது விதிநூலின் நிலைப்பாடு. தொழில் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.