சாமியாகப் போற பேரனுக்கு

ஏலேய் பேரப்புள்ளே, நேத்து நாலுவழிச்சாலையில உன் வண்டி போன போக்கைப் பாத்தேன். தாத்தனுக்கு ரொம்ப சந்தோசம்லே. நம்ம வம்சத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் சாமியானதில்ல.

இதுக்கு மடமும் வேண்டாம், ஆகமமும் வேண்டாம். வயசு முத்துமுன்ன ரோட்டோரமாப் பாத்து விழணும், அம்புட்டுதான். மிச்சத்தை ஊரு பாத்துக்கிடும். ராஜஸ்தான்ல பாலி பக்கத்துல ஓம் பன்னான்னு ஒருத்தன். 1988ல புல்லட்டுல போயி மரத்துல மோதிச் செத்தான். போலீஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோன வண்டி, மறுநாள் அவன் விழுந்த எடத்துக்கே வந்து நின்னுச்சாம். இப்ப அந்த வண்டிக்குக் கண்ணாடிக் கூண்டு, மாலை, சாராயம். டிரைவருமாரு கும்பிட்டுட்டுத்தான் தாண்டுதாவ.

அம்புட்டு தூரம் எதுக்கு? 1809ல ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடிக்கப் போயி அடிபட்டுச் செத்த போல் துரைக்கு, பொதைச்ச மணல்காட்டுல நம்ம பக்கத்து ஆளுவ பூசை போட்டிருக்காவ. வெள்ளைக்காரனுக்குப் பொங்கல் பிடிக்குமோ என்னமோன்னு சாராயமும் சுருட்டும் வச்சாவளாம். கால்டுவெல் ஐயரு 1849லயே புஸ்தகத்துல எழுதிட்டாரு. அதனால உனக்கு என்ன பிராண்டுன்னு இப்பவே சொல்லிவை. பொறவு கனவுல வந்து சண்டை பிடிக்காதே.

ஒரு எடத்துலதான் தாத்தனுக்கு இடிக்கு. கொடைன்னா வில்லுப்பாட்டு வேணும்லா? முத்துப்பட்டன் கதையை எடுத்துக்க. ஐயமாரு வீட்டுப் புள்ள. வாலப்பகடை மகளுவ பொம்மக்காளையும் திம்மக்காளையும் கட்டணும்னு பூணூலை அத்துப்போட்டான், செருப்புத் தைச்சான். மாமனார் காவக்காத்த மாட்டை ஓட்டிட்டுப் போனவனுவளோட மல்லுக்கட்டி உசிரை விட்டான். காரையாறு சொரிமுத்தையனார் கோயில்ல அவனுக்கு இன்னைக்கும் தோல் செருப்புதான் காணிக்கை. ராத்திரி காட்டுக்குள்ள போட்டு நடந்து தேய்ச்சுப்புடுதான்னு சனம் சொல்லும். விடிய விடியப் பாடலாம். பொம்பளையாளுவ மூக்கைச் சிந்திக்கிட்டே கேப்பாவ.

உன் கதையில வில்லுப்பாட்டுப் புலவர் என்னத்தலே பாடுவாரு? ஒத்தக் கையில செல்லைப் பிடிச்சு ரீல்சு எடுக்கையிலேன்னு இழுத்தாருன்னா, பக்கப்பாட்டுக்காரனே சிரிச்சுப்புடுவான். அரை மணி நேரத்துல கதை முடிஞ்சிரும். ஆயிரக்கணக்குல துட்டு வாங்கிட்டு மிச்ச ராத்திரிக்கு அவரு என்ன செய்வாரு, சினிமாப் பாட்டா படிப்பாரு?

எடத்தையும் கொஞ்சம் தள்ளியே பாரு. நாளைக்கு எட்டுவழி போட வந்தான்னா மொதல்ல உன் பீடத்தைத்தான் பேப்பான். சரி, எப்ப தோதுன்னு சொல்லு. தலைக்கட்டு வரி பிரிக்கணும். உங்க அப்பன்கிட்ட இருந்து தொடங்கலாம்னு இருக்கேன்.