சுவரா, கதவா?

கே: வீட்டில் வேலை ஓடவில்லை. லேப்டாப்போடு வெளியே போனால் எங்கே உட்காரலாம்? (தாம்பரம் வாசகி)

ப: எங்கே போனாலும் கதவைப் பார்த்து மட்டும் உட்கார வேண்டாம். வருகிறவர் போகிறவரையெல்லாம் கணக்கெடுத்துக்கொண்டிருப்பீர்கள். சுவரைப் பார்த்து உட்காருங்கள். பின்னால் நிற்பவர் உங்கள் ஸ்கிரீனைப் படிப்பார்தான். நல்லது, சீரியல் பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

ஜே.கே. ரவுலிங் எடின்பரோவின் நிக்கல்சன்ஸ் கஃபேயில் உட்கார்ந்து ஹாரி பாட்டர் எழுதினாரே என்கிறீர்களா? அந்தக் கடையின் பங்குதாரர் அவருடைய தங்கையின் கணவர்! மைத்துனர் கடை இல்லாத நமக்கு, ஒரு காபி முடிந்த பத்தாவது நிமிடமே சர்வர் ஈரத்துணியோடு வந்து, சுத்தமான மேஜையை மறுபடி துடைப்பார். பில்லும் கேட்காமலே வரும்.

கஃபேயை விடுங்கள், கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் பக்கத்தில் இடம் பிடியுங்கள். அவர் தலையை நிமிர்த்தவே மாட்டார்; உங்கள் போன் தானாகப் பைக்குள் போய்விடும். ஏசிக்கு நேர் கீழே இடம் காலியாக இருந்தால் காரணம் இருக்கிறது, சால்வை எடுத்துப் போங்கள். கர்ச்சீப் போட்டு சீட் பிடிப்பதை மட்டும் பஸ்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.