அணுகுண்டுக்கு ஒரு கதவு

1980-இல் பிரிட்டிஷ் அரசு 'புரொடெக்ட் அண்ட் சர்வைவ்' என்ற கையேட்டை 50 பென்ஸுக்கு விற்றது. அணுகுண்டு விழுந்தால் தப்பிக்கும் வழி: வீட்டுக் கதவுகளைக் கழற்றி உட்சுவரில் சாய்த்து, மேலே மண்மூட்டை அடுக்கி, கீழே பதுங்க வேண்டும். 14 நாளைக்கு உணவு, தண்ணீர். ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளை பெயின்ட். வெப்பம் திரும்பிப் போய்விடுமாம். (மரியாதை தெரிந்த வெப்பமாக இருந்தால் போகும்.)

குமாஸ்தாவின் கைவண்ணம் மற்ற பக்கங்களில்தான் தெரிகிறது. வேறு ஊருக்கு ஓடினால் அங்கே தங்க இடமோ உணவோ தரமாட்டார்கள்; விட்டுப்போன வீட்டை உள்ளாட்சி வேறு யாருக்காவது கொடுக்க எடுத்துக்கொள்ளலாம். உலகமே அழிந்தாலும் முகவரி மாறக்கூடாது! உள்ளே யாராவது செத்தால் உடலை வேறு அறையில் வைத்து மூடி, அடையாளச் சீட்டு கட்டவேண்டும்.

அரசுக்கோ, வில்ட்ஷயரில் கோர்ஷம் ஊருக்கடியில், 1950-களிலேயே கட்டிய ரகசியச் சுரங்க நகரம் இருந்தது. சுமார் 4,000 பேர் தங்கலாம். அங்கே யாரும் கதவைக் கழற்ற வேண்டியதில்லை.

1982-இல் 'ஹார்ட் ராக்' என்று நாடு தழுவிய அணுப்போர் ஒத்திகைக்கு நாள் குறித்தார்கள். பல உள்ளாட்சி மன்றங்கள் வர மறுத்ததால் கைவிட்டார்கள். அணுகுண்டைச் சமாளிக்கத் திட்டம் இருந்தது, கவுன்சிலர்களைச் சமாளிக்கத்தான் இல்லை.