பொயிலரோடு பேசும் முறை

வீட்டைச் சூடாக்கும் ஒழுங்கில் இரண்டு பகுதிகள் உண்டு. எரிவாயுவை எரித்துத் தண்ணீரைச் சுடவைப்பது பொயிலர். அறையின் சூட்டைப் பார்த்து அதற்குக் கட்டளையிடுவது சுவரிலுள்ள தெர்மோஸ்ரற். வெவ்வேறு நிறுவனங்களில் பிறந்த இவ்விரண்டும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளவே பொது நியமங்கள் வந்தன. இலங்கையின் சண்டிலிப்பாயில் வீட்டைச் சூடாக்கும் வேலையைச் சித்திரை வெயிலும் அஸ்பெஸ்ரஸ் கூரையும் இலவசமாகச் செய்கின்றன. ஆகவே ஊரவருக்கு இந்த அறிவு லண்டன் போன பிறகே தேவைப்படுகிறது.

பழைய தெர்மோஸ்ரற் வெறும் ஆளி. எரி, நில் என்பவற்றுக்கு மேல் அதற்கு எதுவும் சொல்லத் தெரியாது. ஊரிலிருந்து வந்திறங்கும் அம்மம்மா, வீடு கெதியாகச் சூடாகட்டும் என்று அதை 30 பாகைக்குத் திருகுவார். 20இல் வைத்தாலும் 30இல் வைத்தாலும் பொயிலர் ஒரே வேகத்தில்தான் எரியும். 30இல் வைத்தால் நிற்காது, அவ்வளவுதான். பலன் மாத முடிவில் மருமகனுக்கு பில்லாக வரும்.

இதற்கு மாற்றாக வந்தது ஓப்பன்தேர்ம். ஹனிவெல் நிறுவனம் உருவாக்கிய இம்முறை, 1996இல் ஓப்பன்தேர்ம் சங்கத்துக்கு ஒரு பவுணுக்கு விற்கப்பட்டது. லண்டன் தமிழ்க் கடையில் அந்தக் காசுக்கு ஒரு கட்டு முருங்கைக்காயும் வராது. இரண்டு கம்பிகள் போதும், அவற்றை மாறிப் பூட்டினாலும் குற்றமில்லை. தெர்மோஸ்ரற் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பேசும். பொயிலர் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கிப் பதில் சொல்லும். ஒரு செய்தி 32 பிற்று. பேச்சைத் தொடங்கும் உரிமை தெர்மோஸ்ரற்றுக்கு மட்டுமே. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பதில் பொயிலர், மாமியார் வீட்டுக்கு முதன்முறை வந்த மாப்பிள்ளை மாதிரி.

“தண்ணீர் 50 பாகை போதும்” என்று அளவு சொல்ல முடிவதே இதன் பயன். ரேடியேற்றரிலிருந்து திரும்பும் நீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருந்தால், புகையிலுள்ள நீராவி நீராகி, வெளியே போகவிருந்த வெப்பத்தை விட்டுச் செல்லும். எரிவாயு மிச்சம்.

ஆனால் எல்லாரும் இந்த மொழிக்கு வரவில்லை. ஜேர்மனியின் வைலன்ற் நிறுவனம் ஈபஸ் என்ற வேறு மொழி பேசுகிறது. ரொறன்ரோவில் பெரும்பாலும் சூடான காற்றை ஊதும் பேர்னஸ்தான். அங்கே 24 வோல்ற்று; ஆர், டபிள்யூ, வை, ஜி, சி என்று எழுத்துக்கொரு கம்பி. லண்டன் அண்ணர் மலிவு விற்பனையில் வாங்கி அனுப்பும் தெர்மோஸ்ரற், ரொறன்ரோத் தம்பியின் சுவரில் அலங்காரமாகத் தொங்கலாம். 2022இல் வெளியான மேட்டர் என்னும் நியமம், எல்லா நிறுவனங்களின் தெர்மோஸ்ரற்றையும் எந்தக் கைபேசியோடும் பேசவைக்க முயல்கிறது. பொயிலரோடு பேசுவது அதன் வேலையல்ல.

ஊரில் நியமச் சிக்கல் இருப்பது காற்றாடியின் பிளக்கில். இலங்கையில் 5 அம்பியர் வட்டப்பின், 15 அம்பியர் வட்டப்பின், 13 அம்பியர் சதுரப்பின் எல்லாம் ஒரே சுவரில் குடியிருந்தன. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுரப்பின்னையே நாட்டின் நியமமாக்கியது. நியமத்துக்கு முந்திய பிளக்குகளை, சதுரப்பின் சொக்கெற்றின் மேல் துளைக்குள் பேனையை விட்டு மூடியைத் திறந்து செருகுகிறார்கள். ஆபத்தென்று எல்லாருக்கும் தெரியும். எந்த நிறுவனத்தின் பேனையும் பொருந்துகிறது என்ற அளவில், முழு ஒத்திசைவை எட்டிய ஒரே முறை அதுதான்.