மஞ்சளைத் தேடாதே, முதுகைப் பாரு

ஏலே பேராண்டி, விடிஞ்சும் விடியாம எங்கடே கிளம்பிட்ட? தலையில காட்டுத் தொப்பி. உடம்புல இலைதழை போட்ட சட்டை. கழுத்துல பைனாகுலர், தோள்ல கை நீளத்துக்கு லென்சு. அம்புட்டும் எதுக்காம்? ஒரு சிட்டைப் பாக்க! அதுக்கு மட்டும் விஷயம் தெரிஞ்சா சிரிச்சே கிளையிலருந்து விழுந்துரும்.

'சும்மா சிட்டு இல்லை தாத்தா, மஞ்சள் தொண்டைச் சிட்டு. கிடைச்சா எனக்கு லைஃபர், வாழ்க்கையில முதல் தடவையா பாக்கிற பறவை'ங்கிற. சரிதான். ஊருக்குள்ள அது அவ்வளவா வராது, அதான் உனக்கு அபூர்வம். முள்ளுக்காட்டு ஓரத்துல அது பாட்டுக்கு இருந்துக்கிட்டுத்தான் இருக்கு. நான் கேக்கிறது வேற. நம்ம வீட்டுப் பெட்டைக் குருவிக்கு முதுகு எப்படிடே இருக்கும்? பாத்தியா, முழிக்கிற. உள்ளூர்ல ஓணான் பிடிக்காதவன் உடையார்பாளையத்துல போய் உடும்பு பிடிப்பானா?

கேட்டுக்கோ. வீட்டுப் பெட்டைக்குப் பழுப்பு முதுகு, அதுல கருங்கோடு ஓடும். கண்ணுக்குப் பின்னால வெளிறின புருவம் இருக்கும். நீ தேடிப் போறதுக்கு முதுகுல கோடே கிடையாது. சாம்பலும் பழுப்பும் கலந்து வழுவழுன்னு இருக்கும். அலகும் வீட்டுக்குருவிக்கு இருக்கிற மாதிரி கட்டையா இருக்காது. கொஞ்சம் நீளம், கொஞ்சம் ஒல்லி, நுனி கூர்மை. இனப்பெருக்கக் காலத்துல சேவலுக்கு அந்த அலகு கறுத்துப் போகும். தோள்பட்டையில செம்மண் நிறத்துல ஒரு திட்டு, அதுக்குக் கீழ வெள்ளைப் பட்டை. வீட்டுச் சேவலுக்கு இருக்கிற கறுப்புத் தாடி இதுக்குக் கிடையாது. இதையெல்லாம் பாத்து முடிச்ச பிறகுதான் தொண்டை மஞ்சள். அதுவும் எம்புட்டு? கட்டைவிரல் நகம்கூடத் தேறாது. தலையைத் தூக்கினாத்தான் தெரியும். பெட்டைக்கு அதுவும் மங்கல். பேருல மஞ்சள் இருக்குன்னு மஞ்சளையே தேடுனா, கதிர் பொறுக்க வந்த தூக்கணாங்குருவியைப் படம் பிடிச்சுட்டு வந்து ஊரைக் கூட்டுவ.

பறவை ஆராய்ச்சி பண்ணின சலீம் அலின்னு பேர் கேட்டிருப்ப. 1908 வாக்குல பம்பாய்ல அவர் பொடிப்பயல். காத்துத் துப்பாக்கியால ஒரு குருவியைச் சுட்டுப்போட்டார். கையில எடுத்துப் பாத்தா, தொண்டையில மஞ்சள். பெரியவங்களைக் கேட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தூக்கிட்டுப் போனார். அங்க மில்லர்டு துரை பேரைச் சொன்னதோட விடல, பாடம் பண்ணி வெச்சிருந்த பறவைகளையும் திறந்து காட்டினாரு. அந்தக் குருவி விழுந்ததையே தலைப்பா வெச்சு 1985-ல தன் கதையை எழுதினார் அலி. அந்தப் பயகிட்ட என்ன கருவி இருந்துச்சு? 'இது நாம தினம் பாக்கிற குருவி இல்லையே'ன்னு தோணின ஒரு தோணல். தினம் பாத்தவனுக்குத்தானடே அது தோணும்? அதுக்காக நீயும் சுட்டுக்கிட்டு வந்துராத, ஜெயில்ல போட்டுருவான்.

இப்ப உனக்குப் போன்ல மெர்லின் செயலி சத்தத்தைக் கேட்டே பேர் சொல்லுது. 'மெர்லின் சொல்லிருச்சு'ங்கிற. போனா கண்ணால பாத்துச்சு? இந்தச் சிட்டோட சத்தமும் வீட்டுக்குருவி சத்தம் மாதிரியேதான், கொஞ்சம் இனிமை கூட. போன் ஒரு பேரைச் சொன்னா, சத்தம் வந்த திசையில பைனாகுலரைத் திருப்பு. முதுகைப் பாரு, தோளைப் பாரு, அலகைப் பாரு. பாக்காம எழுதிப் போட்டா அது கணக்குல சேத்தியா?

வருசம் பூரா குருவியைத் திரும்பிப் பாக்காம, மார்ச் 20 வந்தா மட்டும் குருவி தினம்னு ஸ்டேட்டஸ் போடுறவனுவளைப் பத்தி நான் பேச வரல. என் கோவம் வேற ஒரு கூட்டத்து மேல. போன்ல குருவிச் சத்தத்தைப் போட்டு, வர வெச்சுப் படம் பிடிக்கிறானுவளே, அவனுவ மேல. அது கூடு வெச்சிருக்கிற நேரம். தன் எடத்துக்கு வேற ஒருத்தன் வந்துட்டான்னு பதறி ஓடி வருது அந்தச் சீவன். நீ என்னடான்னா 'சூப்பர் ஷாட்'ங்கிற.

இந்தச் சிட்டு மரப்பொந்துலதான் முட்டையிடும். மரங்கொத்தி தோண்டி விட்டுட்டுப் போன பொந்தும் அதுக்கு வீடுதான். பட்ட மரம்னு நாம வெட்டித் தள்ளுறதுல அதுக்கு வீடு போயிருது. அப்படி ஒரு பொந்து உன் கண்ணுல பட்டா எட்ட நின்னு பாத்துட்டு வா. என்கிட்ட வந்து சொல்லு, கேட்டுக்கிறேன். எந்த மரம்னு மட்டும் குரூப்புல போட்டுராதடே.