பெட்டி எண்ணும் பச்சை வளையமும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு மேனேஜர் வேறு வேலை தேடினால், அது அவர் மனைவிக்கே பாதிதான் தெரியும். புதன்கிழமை ‘ஹிந்து’வில் வேலை விளம்பரங்கள் வரும். ஆபீஸ் பேப்பரில் அன்று அந்தப் பக்கங்களை மட்டும் காணோம் என்றால் யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டவர்மேல்தான் முதல் சந்தேகம் விழும்.

பெரிய பதவிக்கான விளம்பரங்கள் பலவற்றில் கம்பெனி பெயரே இருக்காது. ‘புகழ்பெற்ற இன்ஜினீயரிங் நிறுவனம்’ என்று போட்டு, கீழே பத்திரிகையின் பெட்டி எண் கொடுத்திருப்பார்கள். உருகி உருகி எழுதிப் போட்டபின், அது நம் கம்பெனியாகவே இருந்து, நம் நாற்காலிக்கே ஆள் தேடுவதாகவும் அமைந்துவிடலாம். அதனால் விளம்பரத்தின் இங்கிலீஷை முதலில் மோப்பம் பிடிப்போம். எங்கள் எம்.டி.க்கு ‘டைனமிக்’ இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது.

பயோடேட்டா அடித்துத் தந்த மயிலாப்பூர் டைப்பிங் மாஸ்டருக்கு, எந்தக் கம்பெனி ஆட்டம் காண்கிறது என்பது பங்குச்சந்தைக்கு முன்பே தெரிந்துவிடும். ஆனால் மனுஷர் வாயைத் திறந்ததில்லை. “தகப்பனார் பேரை விட்டுட்டீங்களே சார்” என்பதோடு சரி. 45 வயது கமர்ஷியல் மேனேஜருக்குத் தகப்பனார் பெயர் எதற்கு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது தகப்பனாரோடு வயதும் போய்விட்டது. ஐம்பதைத் தாண்டிய என் நண்பர் ஒருவருக்கு வேலை போனதும், கேரியர் கோச் ஒருவர் சொன்னார்: கல்லூரி முடித்த வருஷத்தை எடுங்கள், கடைசி 15 வருஷம் போதும், கட்டம் போட்ட அட்டவணை வேண்டாம், முதலில் படிக்கப்போவது சாஃப்ட்வேர், அது குழம்பிவிடும். தன் சர்வீஸில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டு அதற்கு ஃபீஸும் கட்டினார் நண்பர்.

கோச்சுகள் தொடாத சங்கதி ஒன்று உண்டு. ஆபீசர் கிரேடு கிடைத்த அன்று நாங்கள் செக்‌ஷன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தோம். யூனியன் சந்தா அந்த மாதத்தோடு நின்றது. 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில், ஓராண்டாவது வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்று இருந்தது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரோ அந்தச் சட்டத்தின் கணக்கில் தொழிலாளியே அல்ல. அவருக்கு வாய்த்தது, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் போட்டிருக்கும் நோட்டீஸ் பீரியட். “இனிமே நீங்க அந்தப் பக்கம் சார்” என்று மைசூர்பாகை வாயில் போட்டபடி யூனியன் செயலாளர் சொன்னதை எல்லோரும் வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டார்கள்.

லிங்க்ட்இன் 2003-ல் வந்தது. வேலை தேடுகிறேன் என்று முகத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டுக்கொள்ளும் வசதி 2020-ல் வந்தது. கூச்சப்படுபவர்களுக்கு, ஆள் எடுப்பவர்கள் கண்ணுக்கு மட்டும் காட்டும் ஏற்பாடும் இருக்கிறது. இப்போது வேலை பார்க்கும் கம்பெனிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள முயல்வோம், ஆனால் முழு உத்தரவாதம் தர இயலாது என்று லிங்க்ட்இன்காரர்களே எழுதியிருக்கிறார்கள். பெட்டி எண் எங்கேயும் போய்விடவில்லை.

பெரிய பதவிக்காரர்கள் பச்சை வளையம் போட்டால் மதிப்புக் குறையும் என்றார் ஒரு கோச். போடாவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார் இன்னொருவர். நண்பர் போட்டார். தன்னை அனுப்பிய கம்பெனிக்கு நெகிழ்ந்து நன்றி சொல்லி ஒரு பதிவும் எழுதினார். அனுப்பிய டைரக்டரே வந்து கைதட்டல் பொம்மை போட்டார். அடுத்த பொங்கலுக்குள் டைரக்டர் படத்தைச் சுற்றியும் பச்சை. முதல் கைதட்டல் நண்பருடையது.